இல்லை என்கிற கட்டம்

...இல்லை என்றுதான் சொன்னேன், அதிலென்ன பொய், நோய் என்றால் படுக்க வேண்டும், வேலைக்குப் போக முடியாமல் கிடக்க வேண்டும், நான் எங்கே கிடந்தேன், இருபத்திரண்டு வருஷமாக சிமெண்ட் கிடங்கில் மூட்டை ஏற்றுகிறவன், ஐம்பது கிலோவை முதுகில் வாங்கிக்கொண்டு லாரிப் பலகையில் ஏறினால் ஏறினதுதான், நடுவில் நின்று யோசிக்கிறவன் விழுவான்... கேட்டவன் என் மனைவியின் சித்தப்பா மகன், காப்பீட்டு ஏஜென்ட், எந்த வெயிலிலும் கழுத்தில் கட்டினதை அவிழ்க்காததால் வீட்டில் அவனுக்கு டை என்றே பேர். அவன் ஆபீஸ் மேசைக்கு இந்தப் பக்கம் நானும் அவளும், நடுவில் படிவம். இதற்கு முன் ஏதாவது நோய் இருந்ததா என்ற கட்டத்தின்மேல் பேனாவை வைத்துக்கொண்டு, "மாமா உடம்பு இரும்பு, இல்லைன்னு டிக் போட்டுரட்டுமா?" என்றான். போடு மாப்ள என்றேன். "பேனாவ எடு" என்றாள் அவள்.

தொடைக்கு மேலே, அடிவயிற்றில், எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்து நிற்கிறதே, எல்லாம் அதனால்தான். குடலிறக்கம் என்று அரசு ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள், ஆபரேஷனுக்குக் காசு வாங்குவது கிடையாது, வரிசை உண்டு, ஐந்து மாதம் தள்ளித் தேதி, அதுவரை பாரம் தூக்கக்கூடாது. பாரம் தூக்காத நான் யார்? மேஸ்திரி பாவம் பார்த்துக் கிடங்கைக் கூட்டும் வேலை கொடுத்திருக்கிறார், துடைப்பத்தோடு நிற்கிறேன், நேற்று வந்தவனெல்லாம் என் இடத்தில் ஏற்றுகிறான், ஐந்து மாதத்தில் அந்த இடம் அவனுடையதாகிவிடாதா... டை ஒரு வழி சொல்லியிருந்தான். இதை மறைத்து பாலிசி எடு, முப்பது நாள் பொறு, நேற்றுத்தான் வலி வந்தது என்று தனியார் ஆஸ்பத்திரிக்குப் போ, ஏசி அறை, நாலே நாள், திரும்பி வந்து மூட்டை தூக்கு. கேட்கும்போதே முதுகு நிமிர்ந்தது எனக்கு. அவள் அன்றைக்குப் பாலிசிப் புத்தகத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அவள் சட்டைத் தொழிற்சாலையில் செக்கிங். காலரைப் புரட்டி, கட்டைவிரலைத் தையலோடு ஓட்டினால் விட்டுப்போன ஒரு தையல் அந்த விரலுக்குத் தெரிந்துவிடும், கண் அதற்குப் பிறகுதான். அதே விரலை அந்தப் புத்தகத்தின் முப்பத்தெட்டுப் பக்கத்திலும் ஓட்டியிருக்கிறாள், மூன்று நாள், சாப்பாட்டு நேரத்தில், நான் என்னவோ சும்மா புரட்டுகிறாள் என்று நினைத்தேன். "பதினேழாம் பக்கம் எடு. குடலிறக்கம், கண்புரை, மூட்டு, இதெல்லாம் புதுசா வந்தாலும் ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் தருவாங்களாம். உன் முப்பது நாள் எங்க இருக்கு, காட்டு." டை புரட்டினான், இந்தப் பக்கம், அந்தப் பக்கம், அவன் அதை விற்றிருக்கிறான், படித்ததில்லை. "அடுத்தது இருபத்தொண்ணு. ஏற்கெனவே இருந்ததச் சொல்லிட்டா மூணு வருஷம் கழிச்சு அதுக்கும் உண்டு. மறைச்சது தெரிஞ்சா மொத்தமும் ரத்து. நாளைக்கு இவருக்கு நெஞ்சு வலின்னா நான் யார் முன்னாடி போய் நிக்க?" "அக்கா, இங்க நான் ஏஜென்ட்டா, நீ ஏஜென்ட்டா?" "நீ டை கட்டியிருக்க, நான் படிச்சிருக்கேன்." எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் புடைப்பு வலிக்கும், பல்லைக் கடித்துக்கொண்டேன். அவள் முடிவு இதுதான், ஆபரேஷன் அரசு ஆஸ்பத்திரியிலேயே, தேதிக்குக் காத்திருந்து, பாலிசி இனிமேல் வரப்போகிற நோய்க்கு, உண்மையை எழுதி... என் ஐந்து மாதம் அப்படியே கல்லாகி உட்கார்ந்துவிட்டது, ஆனால் கோபம் வரவில்லை, ஏன் வரவில்லை?

பிறகு மஞ்சள் பையைப் பிரித்தாள், காலையில் அலமாரி மேல்தட்டிலிருந்து என்னை எடுத்துத் தரச் சொன்ன பை. உள்ளே அரசு ஆஸ்பத்திரிச் சீட்டுகள், வருஷவாரியாக, ரப்பர் பேண்ட் போட்டு. ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தாள், டை எழுதினான். உள்ளங்கையில் பதினொரு தையல். அதைப் போட்ட டாக்டர் காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தவர், கால் மாற்றி மாற்றி நின்று, ஒரு தையல்கூடக் கோணவில்லை, இவளே தடவிப் பார்த்து நல்ல கை என்றாள். நுரையீரலில் கறை, ஆறு மாத மாத்திரை. ஒருநாள் மாத்திரைக்குப் போகவில்லையென்று கிடங்கு வாசலுக்கே வந்துவிட்டாள் அதைக் கொடுக்கிற நர்ஸ், அத்தனை ஆட்கள் முன்னால், "முழுங்குங்க, வாயத் திறந்து காட்டுங்க, நாக்கத் தூக்குங்க", நானும் தூக்கினேன், இன்றைக்கு மூச்சு இருக்கிறதென்றால் அந்த அதட்டல்தான். முதுகுத் தட்டு விலகல். வலது காது மந்தம், இது எப்போது, அவள் எப்போதும் என் இடப்பக்கமே நடந்துவருவது இதனால்தானா... நான் வேலைக்குப் போன நாள்களாக எண்ணிவைத்ததையெல்லாம் இவள் வேறுமாதிரி எண்ணிவைத்திருக்கிறாள். கட்டம் போதாமல் டை தனித்தாள் ஒட்டினான். "மாமா, இது உடம்பா, பழைய இரும்புக் கடையா?" என்றான்.

"சரிக்கா, ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தானே பாலிசி, இப்ப உன் கட்டம். ஏதாச்சும் இருக்கா?" "எனக்கென்ன, ஒண்ணுமில்ல, டிக் போடு." நான் சொன்ன அதே வேகம், அதே குரல். பையைப் பார்த்தேன், காலியாகிக் கிடந்தது, மேசையில் பரப்பின சீட்டு அத்தனையிலும் என் பேர், அவள் பேரில் ஒன்றுகூட இல்லை, இத்தனை வருஷத்தில் ஒரு மனுஷிக்கு ஒன்றுமேவா வராது, இவளும் வேலைக்குப் போய்க்கொண்டேதான் இருந்தாள்... ஒரு வாளித் தண்ணீரைக்கூட என்னைத் தொட விடாதவள் காலையில் ஏன் என்னை எட்டி எடுக்கச் சொன்னாள், அவளுக்கு எட்டாத உயரமா அது, அந்தப் பையை அங்கே வைத்ததே அவள்தானே... கொஞ்ச நாளாகக் கொண்டை போடாமல் ஒரு கையால் கிளிப் மாட்டுகிறாள், அழகுக்கு என்று நினைத்தேன்... பேனா இறங்கியது. "பேனாவ எடு மாப்ள" என்றேன். டை என்னைப் பார்த்தான், அவள் திரும்பி, "என்னங்க?" என்றாள், சீட்டுகளை வலது கையால் கூட்டிச் சேர்த்தபடி, ரப்பர் பேண்டைப் பல்லால் இழுத்துப் போட்டபடி. இடது கை மடியில் கிடந்தது, உள்ளே வந்து உட்கார்ந்ததிலிருந்து அது அங்கேயேதான் கிடந்ததா...