வயிற்றெரிச்சலில் ஓடிய மீட்டர்

தங்கையை நினைத்தபோதெல்லாம் தையல்காரியின் வீட்டு மீட்டர் ஓடியது. மெயினை இறக்கி வைத்திருந்தாலும் ஓடியது. இதை முதலில் கவனித்தவர் அவள் புருஷன். வாழ்நாளெல்லாம் லாரி ஓட்டிவிட்டு இப்போது வீட்டோடு இருப்பவர். மின்சார ஆபீஸ்காரர்கள் தெரு முழுக்கப் பழைய மீட்டர்களைக் கழற்றி எறிந்துவிட்டுப் பச்சை வெளிச்சம் கண்சிமிட்டும் புது மீட்டர்களை மாட்டிப் போயிருந்தார்கள். வீட்டில் எந்த மணிக்கு எவ்வளவு கரண்ட் செலவானது என்பதைப் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம், அதற்கு ஓர் ஆப் இருக்கிறது என்றும் சொல்லியிருந்தார்கள். லாரிக்காரருக்கு வேறு வேலை இல்லாததால் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற வீடுகளில் கோடுகள் தரையிலிருந்து மேலே முளைத்தன. இவர் வீட்டில் காலை வேளையில் சில கோடுகள் தலைகீழாகத் தொங்கின. போனைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தார், அப்போது மற்ற கோடுகள் தொங்கின. கோடு தொங்கினால் கரண்ட் வீட்டிலிருந்து வெளியே போகிறது என்று அர்த்தமாம். மாடியில் சூரியப் பலகை வைத்திருக்கும் பணக்காரர்கள் வீட்டில்தான் அப்படித் தொங்கும். இவர்கள் மாடியில் துணி காயப்போடும் கொடி ஒன்றுதான் இருந்தது, அதிலும் பாதி தங்கையுடையது.

கோடு தொங்கிய நேரம், தங்கை மாடிக்கு வந்து துணி காயப்போடும் நேரம். அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில் அண்ணன் தம்பிக்கு வாக்கப்பட்டவர்கள். தாய் போன பிறகு தங்கைக்குத் தலை வாரி, சட்டை தைத்து, பள்ளிக்கூட வாசல்வரை கூட்டிப்போய், கடைசியில் தன் கொழுந்தனுக்கே அவளைக் கட்டிக்கொடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டவள் தையல்காரி. தன்னைவிட்டு அவள் எங்கும் போகக் கூடாது என்பது எண்ணம். போகவில்லைதான். ஒரே மீட்டரில் இரண்டு குடும்பம் சில வருடம் ஓடியது. பிறகு யாரால் கரண்ட் அதிகம் செலவாகிறது என்ற பேச்சு ஆரம்பித்தது. உன் தையல் மெஷின்தான் குடிக்கிறது என்றாள் தங்கை. உன் ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறாயே, அது குடிக்கவில்லையா என்றாள் அக்கா. நீ ஃபேனுக்கு அடியில் தூங்குகிற தூக்கத்துக்கு ஒரு ஊருக்கே விளக்குப் போடலாம் என்று மேலும் சொன்னாள். அந்தச் சண்டையின் உச்சத்தில் தங்கை ஒரு வார்த்தை விட்டாள்.

“எல்லாத்துலயும் மூக்க நுழைக்கிறியே, நீ என்ன எனக்கு அம்மாவா?”

அதோடு பேச்சு நின்றது. வீட்டுக்கு நடுவே சுவர் எழுந்தது. கொல்லையைப் பார்த்த கூடத்து ஜன்னல் ஒன்று சரிபாதியாகப் பிளந்து ஆளுக்கு ஒரு கதவாக நின்றது. மீட்டர் இரண்டானது. அண்ணன் தம்பி இருவரும் தெருமுனையில் நின்று பேசிக்கொண்டார்கள், வீட்டுக்குள் வந்ததும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். மருந்துக்கடை வைத்திருக்கும் தம்பி, அண்ணி எதிரில் வந்தால் செருப்பைப் பார்த்துக்கொண்டு நடந்தான். இப்படியே வருடங்கள் போயின. புது மீட்டர் வந்தது, கோடுகள் தொங்கின.

லாரிக்காரர் புகார் கொடுத்ததும் ஆபீஸிலிருந்து மீட்டர்காரர் வந்தார். எங்கேயோ ஜெனரேட்டரை ஒளித்து வைத்துக்கொண்டு நல்லவர்கள் மாதிரி புகாரும் கொடுக்கிறார்கள் என்ற முகத்தோடுதான் வந்தார். கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தார், துணி மூட்டைகளைக் காலால் நகர்த்தினார், தண்ணீர்த் தொட்டிக்குள் டார்ச் அடித்தார். ஒன்றும் அகப்படவில்லை. மெயினை இறக்கிவிட்டு மீட்டருக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மீட்டர் சும்மா இருந்தது. அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் தங்கை எதற்கோ சிரித்தாள். தையல்காரி பல்லைக் கடித்தாள். மீட்டர் ஓடியது.

“வீட்ல என்னம்மா எரியுது?” என்றார் மீட்டர்காரர்.

“இவ வயிறுதான்” என்றார் லாரிக்காரர்.

வேடிக்கையாகச் சொன்னதை மீட்டர்காரர் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. தங்கை மறுபடி சிரிக்கும்வரை காத்திருந்தார், சிரித்தாள், சரிபார்த்துக்கொண்டார். மின்சாரம் எதிலிருந்து வருகிறது என்று ஆப்பில் கேட்ட இடத்தில் வயிறு என்று எழுதினார். அது ஏற்றுக்கொள்ளவில்லை. சூரிய ஒளி, காற்று என்ற இரண்டில் ஒன்றைத்தான் தொடச் சொன்னது. வாசலில் நின்று வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் காற்று என்பதைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு கரண்ட் கட்டானால் தெருவில் தையல்காரி வீடு மட்டும் எரிந்தது. பல்ப் எரிந்தது, ஃபேன் சுழன்றது, மெஷின் ஓடியது. முதலில் பயந்தவள் சீக்கிரமே பழகிக்கொண்டாள். வேலை ஒன்றுதான், தங்கையை நினைக்க வேண்டும். அதற்கு அவளிடம் கையிருப்பு நிறைய இருந்தது. தான் தைத்துக் கொடுத்த சட்டையைத் தங்கை வேறு தையல்காரனிடம் பிரித்துத் தைத்தது பல்புக்குப் போதும். காய்ச்சலில் கிடந்தபோது எட்டிப் பார்க்காதது ஃபேனுக்கு. மெஷின் முழு வேகத்தில் ஓட வேண்டுமென்றால் அந்த ஒரு வார்த்தையை எடுக்க வேண்டும். அவசரத் துணிகளுக்குத்தான் அதை எடுப்பாள். பள்ளிச் சீருடை ஆர்டர்கள் மொத்தமாக அவளுக்கே வந்தன. கரண்ட் போன சமயங்களில் தெருவே போனைத் தூக்கிக்கொண்டு சார்ஜ் ஏற்ற வந்து வரிசையில் நின்றது. வந்தவர்கள் சும்மா நிற்காமல், உன் தங்கச்சி நேத்து கடைத்தெருவுல என்ன சொன்னா தெரியுமா என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டு நின்றார்கள். போன்கள் சீக்கிரம் நிரம்பின. தெருவில் யாருக்கும் அவர்கள் ராசியாவதில் ஆசை இல்லை.

ஆனால் தையல்காரிக்கு வேறு ஒரு குடைச்சல் இருந்தது. கரண்ட் போனால் தங்கை வீடு இருட்டாகக் கிடந்தது. சுவருக்கு மேலே தெரியும் அந்த அரை ஜன்னலில் ஒரு பொட்டு வெளிச்சம் கிடையாது. கரண்ட் போன உடனே அந்தப் பக்கம் ஸ்டூலைத் தரதரவென்று இழுக்கும் சத்தம் மட்டும் கேட்கும், பிறகு அமைதி. இருட்டிலும் வீட்டைச் சுத்தம் செய்கிறாளாம், அவ்வளவு நிம்மதி என்று தையல்காரி நினைத்துக்கொள்வாள். தனக்கு இங்கே வயிறு எரிந்து தெருவுக்கே வெளிச்சம் போட்டுக்கொண்டிருக்கும்போது, அவளுக்கு ஒரு ஜீரோ வாட் பல்ப் அளவுக்குக்கூடவா எரியவில்லை? கோபம் இருந்தால் மீட்டர் ஓடும். ஓடவில்லை என்றால் ஒன்றுமே இல்லை. எடுத்து வளர்த்த பெண்ணுக்குத் தான் வெறுக்கக்கூட லாயக்கில்லாத ஆளாகிப் போனோம் என்பதுதான் அவளை அரித்தது. கொடியில் காய்ந்த தங்கையின் துணியை ஒருநாள் கீழே தள்ளிவிட்டாள். தங்கை எடுத்து உதறி மறுபடி போட்டாள். நடுச்சுவரை ஒட்டி மெஷினைப் போட்டு விடியற்காலையில் தடதடவென்று ஓட்டினாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் இல்லை. கோலெடுத்து அடித்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். “என்னை மனுஷியாவே மதிக்கல பாருங்க” என்று புருஷனிடம் அழுதாள். அவள் அழுத அழுகையில் வீட்டிலிருந்த பல்புகள் பட்பட்டென்று உடைந்தன. லாரிக்காரர் துடைப்பத்தை எடுத்துக் கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கினார்.

பள்ளிக்கூடம் திறக்க இருந்த சமயம் தெருமுனை டிரான்ஸ்பார்மர் வெடித்தது. புதுசு வர நாளாகும் என்று ஆபீஸில் கைவிரித்துவிட்டார்கள். நல்ல வெயில் காலம். தெருவே திண்டாடித் தையல்காரி வீட்டில் வந்து அடைந்தது, கைக்குழந்தைகளை அவள் ஃபேனுக்கு அடியில் வரிசையாகக் கிடத்தினார்கள். தங்கை வீட்டிலிருந்து மட்டும் யாரும் வரவில்லை. அரை ஜன்னலில் அட்டை ஒன்று முன்னும் பின்னும் அசைவது தெரிந்தது. தங்கை விசிறிக்கொண்டு கிடக்கிறாள் என்று தையல்காரி தெரிந்துகொண்டாள். வியர்த்துச் சாகட்டும் என்று சொல்லிக்கொண்டாலும் தங்கைக்குச் சின்ன வயதிலேயே வேர்க்குரு வரும் என்பது நினைவுக்கு வந்து, ஃபேன் கொஞ்சம் மெதுவாகச் சுற்றியது.

ஒரு காலையில் தங்கை தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து மருந்துக்கடைக்காரன் வந்தான். செருப்பைப் பார்த்துக்கொண்டே போனை நீட்டினான்.

“அண்ணி, கொஞ்சம் சார்ஜ் மட்டும். அவளுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவா.”

செத்துக் கிடந்த போன் உயிர் வந்ததும் டிங் என்றது. மின்சார ஆபீஸின் ஆப் தானாகத் திறந்தது. தையல்காரி பார்க்க வேண்டும் என்று நினைக்கவில்லை, ஆனால் கண் போய்விட்டது. அங்கே கோடுகள் தொங்கின. காலையில், மாடியில் துணி காயும் நேரத்தில் நீளமாகத் தொங்கின. அவள் சுவரை ஒட்டி மெஷின் ஓட்டிய விடியற்காலைகளில் திரையின் அடியைத் தொட்டுக்கொண்டு தொங்கின. துணியைத் தள்ளிவிட்ட அன்று கோடு திரைக்குள் அடங்கவில்லை. மேலே விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள், புது மீட்டர் மாட்டிய நாளிலிருந்தே தொங்கிக்கொண்டிருந்தன. தன் வீட்டுக் கோடுகளைவிட இவை நீளம்.

“உங்க வீட்ல இவ்ளோ கரண்ட் வருதா?” என்றாள். அவனோடு இத்தனை வருடத்தில் பேசிய முதல் பேச்சு அது.

“வருது அண்ணி. தாங்க முடியாத அளவுக்கு வருது.”

“பின்ன ஏன் இருட்டுல கெடக்குறீங்க?”

மருந்துக்கடைக்காரன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “கரண்ட் போனதும் ஸ்டூல் போட்டு ஏறி எல்லா பல்பையும் கழட்டிடுவா. பிளக்குல எல்லாம் டேப் ஒட்டி வச்சிருக்கா. ஃபேன் வயரைப் பிடுங்கிட்டா. எரிஞ்சா அக்கா பார்த்துடுவான்னு சொல்றா. நான் இன்னும் அவளையே நெனச்சுட்டு இருக்கேன்னு தெரிஞ்சா அவளுக்குத் திமிரு ஏறிடும்ங்கறா.”

தையல்காரிக்கு ஸ்டூல் சத்தம் புரிந்தது. இத்தனை நாளாகக் கேட்ட அந்தத் தரதர, சுத்தம் செய்த சத்தம் இல்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது. சின்ன வயதில் அடி வாங்கினால் அழுகிற முகத்தைக் காட்ட மாட்டாமல் துணி மூட்டைக்குள் தலையை விட்டுக்கொள்வாளே, அதே கழுதைதான், கொஞ்சமும் மாறவில்லை. நெஞ்சு நிறைந்து போனது. அந்த நொடியில் ஃபேன் நின்றது. மெஷின், பாதித் தைத்த காலரில் ஊசி குத்தியபடி நின்றது. கைக்குழந்தைகள் ஒவ்வொன்றாக அழ ஆரம்பித்தன. சார்ஜ் ஏற வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

தையல்காரி நினைத்துப் பார்த்தாள். பிரித்துத் தைத்த சட்டையை எடுத்தாள், பல்ப் எரியவில்லை. காய்ச்சலை எடுத்தாள், ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் அந்த ஒரு வார்த்தையையே எடுத்தாள். சின்னப் பெண் வீம்புக்குச் சொன்னது என்று தோன்றியது, மெஷின் அசையவில்லை. முடிக்க வேண்டிய சீருடைகள் சுவரளவு கிடந்தன. குழந்தைகள் வீல் வீலென்று கத்தின. இதெல்லாம் உன் நல்ல மனசால் வந்த வினை என்பதுபோல எல்லோரும் அவளையே முறைத்தார்கள்.

அவள் எழுந்து கொல்லைப்புறம் போனாள். நடுச்சுவரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு கத்தினாள்.

“ஏய்! கால் உடைஞ்சு கெடக்கப் போற. ஸ்டூல் ஏறினது போதும், பல்பை மாட்டுடி!”

அந்தப் பக்கம் குடத்தை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. மருந்துக்கடைக்காரன் போனைப் பிடுங்கிக்கொண்டு வாசல் வழியாக ஓடியே போனான். பிறகு சுவருக்கு மிக அருகில், கையை நீட்டினால் எட்டும் தூரத்திலிருந்து பதில் வந்தது.

“மாட்டலன்னா என்ன பண்ணுவ? நீ என்ன எனக்கு அம்மாவா?”

கூடத்தில் ஃபேன் சுற்றியது. கால் வைக்க ஆளில்லாமலே மெஷின் ஓடிக் காலரை முடித்து, அடுத்த துணியில்லாமல் வெறும் நூலைத் தைத்துக்கொண்டு போனது. பயம் தெளிந்த குழந்தைகள் ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தன. தையல்காரி இன்னும் சுவரில் கையை ஊன்றியபடியே நின்றாள். அந்தப் பக்கம் ஸ்டூலை இழுக்கும் சத்தம் கேட்டது. பல்பைத் திருகும் சத்தம் கேட்டது. பட்டப்பகலில், அரை ஜன்னலுக்குள் ஒரு பல்ப் கண் கூசும்படி எரிந்தது.

அவர்கள் அதற்குப் பிறகும் ராசியாகவில்லை. தினமும் காலையில் மாடியில் கொடிக்கு இரண்டு பக்கமும் நின்று திட்டிக்கொண்டார்கள். முன்பு பேசாமல் எரிந்ததைவிட இப்போது பேசி எரிந்ததில் கரண்ட் சீராக வந்தது. புது டிரான்ஸ்பார்மர் வந்து இறங்கியபோது மாட்டுவதற்கு அவசரம் இல்லை என்று தெருக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். மீட்டர்காரர் மட்டும் ஒருமுறை வந்து இரண்டு மீட்டரையும் பார்த்துவிட்டு, காற்று என்று தொட்டது தப்பு என்று தலையைச் சொறிந்தார். அந்த வருடம் ஆபீஸ்காரர்கள் ஆப்பைப் புதுப்பித்தார்கள். மின்சாரம் எதிலிருந்து வருகிறது என்ற கேள்விக்குக் கீழே சூரிய ஒளி, காற்று என்ற இரண்டோடு சொந்தபந்தம் என்று மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். தையல்காரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைத் தொட்டாள். தெருவில் பாதி வீட்டுக்காரர்களும் அதையேதான் தொட்டார்கள்.