ஜனாப் ஹபீல் அவர்களுக்கு

இறந்துபோன உம்மாவைக் குளிப்பாட்டி முடித்து, கபன் துணியில் கற்பூரத்தைத் தூவிக்கொண்டிருந்தபோதுதான் கடுகண்ணாவைக்காரர் வரப்போகிறார் என்பது ஸுமைராவுக்கு மறுபடி ஞாபகம் வந்தது. கை அப்படியே நின்றுவிட்டது.

காலையில் அவருக்குப் போன் எடுத்தவள் அவள்தான். "மடவளை நாத்துமேடையிலருந்து பேசுறேன். மௌத்தாகிட்டாங்க" என்று சொன்னதுதான். மீதியைச் சொல்வதற்குள், "நான் வாறன் பிள்ளை" என்று வைத்துவிட்டார். பிறகு எடுத்தால் பதில் இல்லை. மனிதர் புறப்பட்டிருப்பார், மௌத்தானது ஜனாப் ஹபீல் என்று நினைத்துக்கொண்டு.

ஹபீல் ஸுமைராவின் வாப்பா. அவர் போய்ப் பன்னிரண்டு வருஷம். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் நாற்றுமேடைக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான்; உம்மா அந்தப் பலகையை மாற்றவில்லை. வாப்பா போன அடுத்த வருஷம் கடுகண்ணாவையிலிருந்து முதல் கடிதம் வந்தது. நவரட்ணராஜா என்று ஒருவர், ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். 'ஜனாப் ஹபீல் அவர்களுக்கு' என்று தொடங்கி, கண்டிக் கடையொன்றில் வாங்கிய உங்கள் மிளகுக் கொடி மஞ்சளாகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார்.

"மௌத்தான மனுசனுக்குக் கடிதம் வந்தீக்கி" என்று உம்மா சிரித்தார். வேரில் தண்ணீர் நிற்கிறது, அது வடிய ஒரு கான் வெட்டி விடுங்கள் என்று பதில் எழுதினார். கீழே பெயர் போடவில்லை, நாற்றுமேடை முத்திரையைக் குத்தினார். கொடி பிழைத்தது. அடுத்த கடிதமும் ஜனாபுக்கே வந்தது.

"சொல்லிடுங்களேன் உம்மா."

"சொல்றதுதான். அடுத்த கடிதத்துல எழுதுவோம்."

அப்படியே தள்ளித் தள்ளிப் போனது. இதற்கிடையில் அவருடைய மனைவி இரஞ்சிதம் இறந்துபோனார். நவரட்ணராஜா நாலு பக்கம் எழுதியிருந்தார். குசினியில் போய் நின்று அழுகிறேன், பிள்ளைகளுக்குத் தெரியாது, ஒரு ஆம்பிளைக்குத்தான் இன்னொரு ஆம்பிளையின் நிலை விளங்கும் என்று உங்களுக்கு எழுதுகிறேன் என்றிருந்தது. உம்மா அதைத் திரும்பத் திரும்ப வாசித்தார்.

"இனி எப்புடிச் சொல்றது? ஒரு பொம்புளைக்கா இதெல்லாம் எழுதினோம்னு மனுசன் வெக்கத்துல செத்துப்போவார்" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பெருநாளுக்கும் பொங்கலுக்கும் அவர் போன் எடுப்பார். ஜனாபுக்குக் காது கேட்காது என்று உம்மா எழுதிவைத்திருந்ததால் ஸுமைராதான் பேசுவாள். பக்கத்தில் இருக்கும் ஜனாபுக்கும் கொஞ்சம் எட்டட்டும் என்று அவர் ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்துவார்.

இதெல்லாம் கூடப்பிறந்த அகீல் நானாவுக்குத் தெரியாது. நானா நல்லவன்தான். ஆனால் யாரோ ஒரு மனிதர் உம்மாவுக்கு இத்தனை வருஷமாகக் கடிதம் எழுதினார் என்று முற்றம் நிறைய ஆட்கள் இருக்கும்போது கேட்டால் எப்படிப் பாய்வான் என்று சொல்ல முடியாது. அந்த மனிதரின் நிலை அதைவிட மோசம். வயதான காலத்தில், இத்தனை பேர் முன்னால், ஏமாந்த ஆளாக நிற்கவேண்டி வரும். அவரை வாசல் கேற்றிலேயே பிடித்துவிட வேண்டும். ஸுமைரா கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

பிந்திவிட்டாள். முற்றத்தில் அந்தக் குரல் கேட்டது.

"ஜனாப் ஹபீலின்ர முகத்தை ஒருக்காப் பார்க்கலாமோ, தம்பி?"

"வாப்பாவா? வாப்பா மௌத்தாகி எத்தனை வருஷம்" என்றான் அகீல். "இது எங்கட உம்மா."

ஸுமைரா திரையை விலக்கிப் பார்த்தாள். ஒல்லியான, உயரமான மனிதர். வெள்ளைச் சேர்ட். கையில் குடை.

"அப்ப எனக்குப் பதில் எழுதினது?"

பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்த எல்லாரும் அவரையே பார்த்தார்கள். அகீல் வாசலில் நின்ற தங்கையின் பக்கம் திரும்பினான். இனி மறைக்க இடமில்லை.

"உம்மாதான்" என்றாள் ஸுமைரா.

"என்ன எழுதினாங்க இவருக்கு?" அகீலின் குரல் மாறியிருந்தது.

நவரட்ணராஜா கண்ணாடியைக் கழற்றி, சேர்ட் நுனியால் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டார். அந்தச் சின்ன நேரத்துக்குள் அவருடைய முகத்தில் என்னென்னவோ வந்து போனது.

"மிளகு, தம்பி" என்றார். "மிளகுக் கொடிக்கு என்ன செய்யிறது எண்டு கேப்பன், அவ எழுதுவா. வேற ஒண்டும் இல்லை."

ஸுமைராவுக்கு அழுகை அப்போதுதான் வந்தது. காலையிலிருந்து வராத அழுகை.

அகீல் ஒரு கதிரையை இழுத்துப் போட்டான். "இரிங்க ஐயா. முகம் மட்டும் காட்டேலா. பொம்புளை மையித்து, குடும்பத்து ஆக்கள்தான் பாக்கலாம்."

"தெரியும் தம்பி. எனக்குக் காட்ட வேண்டாம்."

பின்னேரம் அஸர் தொழுகை நேரத்துக்கு உம்மாவின் ஜனாஸாவைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்துத் தூக்கினார்கள். பெண்கள் வாசலோடு நின்றுகொண்டார்கள். பெற்ற மகளுக்கும் அவ்வளவுதான். ஒழுங்கை முனையில் அகீல் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, "ஐயா, நீங்களும் தோள் குடுங்க" என்றது கேட்டது. முன்னால் நின்ற ஒருவர் விலகினார். அந்த உயரமான உருவம் குனிந்து, தூக்கும் கொம்பைத் தோளில் ஏற்றிக்கொண்டது. சந்தூக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் உயர்ந்து, பள்ளிவாசல் பக்கம் திரும்பி மறைந்தது.

அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பியபோது அவரும் வந்தார். உள்ளே வரவில்லை, கேற்றடியில் நின்றார். ஸுமைரா போனாள்.

"காது கேளாது எண்டு எழுதினவ, பிள்ளை."

"நல்லாக் கேக்கும்."

"அப்ப நான் போன் எடுக்கேக்க..."

"பக்கத்துலதான் இருப்பாங்க. ஸ்பீக்கர்ல போடச் சொல்லுவாங்க. நீங்க வெச்ச பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே இருப்பாங்க."

அவர் குடையை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினார். நாற்றுமேடைப் பக்கம் பார்த்தார். காலையிலிருந்து யாரும் தண்ணீர் ஊற்றாததால் பைகளில் மண் வெளிறிக் கிடந்தது.

"இரஞ்சிதம் நட்ட கொடி. அவ போன பிறகு ஒரு மணி காய்க்கேல்லை. இந்த வருஷம்தான். பெருநாளைக்குப் போன் எடுத்துச் சொல்லுவம் எண்டு இருந்தனான்."

"சொல்லுங்க ஐயா" என்றாள் ஸுமைரா.

அவர் வீட்டைப் பார்த்துத் திரும்பினார்.

"காய் பிடிச்சிட்டுது" என்றார், போனில் பேசுகிற அதே குரலில். உள்ளே பாய் சுருட்டிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.