வாஷிங் மெஷினும் ஐந்நூறு யூனிட்டும்

கரண்ட் மீட்டர் ரீடிங் எடுக்க ஈ.பி. ஆபீஸ் முத்துவேல் வர இன்னும் நாற்பது மணி நேரம் இருந்தது. இந்த இரண்டு மாதக் கணக்கில் அதற்குள் நானூற்றுத் தொண்ணூற்றேழு யூனிட் ஓடிவிட்டது. ஐந்நூறைத் தாண்டினால், முன்னால் ஓடிய யூனிட்டுக்கும் சேர்த்து விலை கூடும்.

"தாண்டிச்சின்னா வாஷிங் மெஷின் ஸ்வர்ணா வீட்டுக்குப் போயிடும்" என்றார் அப்பா. ஸ்வர்ணா, சந்தவாசலில் இருக்கும் என் அத்தை.

மூன்று வருடம் சண்டை போட்டு அம்மா வாங்கிய மெஷின் அது. "அப்போ உங்க வேட்டிய நீங்களே தொவைங்க" என்றாள்.

கிரைண்டருக்கும் ஃபேனுக்கும் தடை விழுந்தது. வீட்டில் தடையில்லாமல் ஓடியது கைத்தறி மட்டும்தான்.

அப்பா கை வைக்காதது நான்கு ஜீரோ வாட் குண்டு பல்புகள். சாமி ரூம், தறி ரூம், மாடிப்படி, வாசல். இரவும் பகலும் எரியும். "ஜீரோன்னு போட்டுகீது. மீட்டருக்கே தெரியாது" என்று தெருவுக்கே சொல்லி வாங்க வைத்தவர் அவர். சாமி ரூம் பல்பை ஒட்டி ஒரு பல்லி குளிர் காய்ந்துகொண்டிருந்தது.

நான் பி.எஸ்சி. இயற்பியல். யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. வீட்டில் ஆளில்லாத நேரம் பார்த்து ஒவ்வொரு சுவிட்சாக அணைத்து, மீட்டரின் சிவப்பு விளக்கு எத்தனை முறை சிமிட்டுகிறது என்று எண்ணினேன். கரண்ட் திருடன் யாரென்று தெரிந்துவிட்டது. சொல்லலாம் என்று அப்பாவிடம் போய், தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

வியாழக்கிழமை முத்துவேலுக்கு முன்பே அத்தை குட்டியானை லோடு வண்டியோடு வந்து இறங்கினாள்.

"ரீடிங்கே எடுக்கல, அதுக்குள்ள வண்டியா?" என்றாள் அம்மா.

"சும்மா இந்தப் பக்கம் வந்துகினு இருந்திச்சி, அண்ணி."

முத்துவேல் மீட்டரைப் பார்த்தார். "ஐந்நூத்தி மூணு."

"தூக்குப்பா" என்றாள் அத்தை டிரைவரிடம்.

அம்மா மெஷின் மேல் ஏறி உட்கார்ந்தாள். "என்னையும் சேத்துத் தூக்கு."

"எறங்கு ஜெயம். கரண்ட்ட தின்றது அதுதான்" என்றார் அப்பா.

"அது இல்லப்பா" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். முத்துவேல்கூட. நான் பேசி அவர் கேட்டதே இல்லை.

"மெஷின் ரெண்டு மாசத்துக்கு பதினஞ்சு யூனிட்டுதான்."

"அப்போ யாரு தின்றா? நானா?"

இந்த முறை குடிக்கப் பக்கத்தில் தண்ணீர் இல்லை.

"உங்க ஜீரோ வாட் பல்பு ஒவ்வொண்ணும் பதினஞ்சு வாட்டுப்பா. நாலும் சேந்து எண்பத்தாறு யூனிட்டு."