மஞ்சள் பூசிய காற்றுச்செடி

1.
உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நாகப்பட்டினம் பஸ் கீழ்வேளூரில் நின்றபோது, ஒரு வீட்டு வாசலில் டிலாண்ட்சியா தொங்கியதைப் பார்த்தேன். மண்ணே வேண்டாத காற்றுச்செடி, அன்னாசிக்குப் பங்காளி. உடம்பெல்லாம் மஞ்சளும் குங்குமமும். ஏன் என்று இறங்கிக் கேட்டிருக்கலாம். ஜன்னலோர சீட் போய்விடும். ஆகவே மிச்சமெல்லாம் என் புளுகு.

2.
காவிரி பொன்னாகப் பாயும் கடைமடையில்... (வேண்டாம். கடைமடைக்குத் தண்ணீரே வந்து சேரவில்லை, பொன்னாகப் பாய்கிறதாம்.)

வானதிக்கு அப்பா இல்லை. வீட்டில் அம்மா கமலாம்பாளும் அவளும்தான். வானதிக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்தது. அம்மா ஒரு பந்தயம் வைத்தாள்.

"வாசல்ல ஆகாச கருடன் கிழங்கு கட்டுவோம். துளிர் விட்டா நீ போ. வாடினா குடவாசல் மாப்பிள்ளைக்குச் சரின்னு சொல்லு."

(ஆகாச கருடன்: மண்ணும் தண்ணீரும் இல்லாமல் தொங்கியபடியே துளிர்க்கும் கிழங்கு. கண்திருஷ்டிக்குக் கட்டுவது. படித்தவர்களும் கட்டுகிறார்கள். என் வீட்டிலும் இருக்கிறது, அதை விடுங்கள்.)

கிழங்கை நம்பி ஜெர்மனியைக் கைவிட வானதி என்ன கேனையா? வாங்கி வருகிறேன் என்று கிளம்பி, தஞ்சாவூர் நர்சரியில் இந்தக் காற்றுச்செடியை வாங்கி வந்தாள்.

"இது ஒசத்தி ரகம்மா. ஏற்கெனவே துளிர் விட்டது."

"அப்ப அறுப்பு வரைக்கும் வாடாம இருக்கட்டும், பாப்போம்."

3.
இங்கேதான் சிக்கல். வாசலில் கட்டியதற்கு வெள்ளிக்கிழமை மஞ்சள் குங்குமம் வைக்காமல் எந்த அம்மா விடுவாள்? டிலாண்ட்சியா இலையால்தான் தண்ணீர் குடிக்கும். இலையில் மஞ்சளை அப்பினால் மூச்சு முட்டும். அப்பாதே என்றால் குட்டு உடையும். எனவே அம்மா குளிக்கப் போகும் நேரம் பார்த்து, வானதி செடியைக் கழற்றி வாளியில் அலசினாள். வெள்ளி அப்பல், சனி அலசல். அப்படியும் நுனி கருகியது. அவளுக்குப் பயம் பிடித்துவிட்டது. சிரித்துக்கொண்டே எழுதிவந்த எனக்கும்தான்.

4.
முடிவு ஒன்று: செடி பட்டுப்போகிறது, வானதி குடவாசலில் மாலையும் கழுத்துமாக... (மாட்டேன்.)

முடிவு இரண்டு: செடி பூக்கிறது, அம்மா கண்ணீர் மல்க... (சீரியல்காரர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.)

5.
அடுத்த வெள்ளி, கமலாம்பாள் மஞ்சள் கிண்ணத்தோடு முக்காலியில் ஏறினாள். கை செடி வரை போய் நின்றது.

"இது கிழங்கு இல்லன்னு வந்த அன்னிக்கே தெரியும்டி."

"அப்புறம் ஏம்மா மஞ்சள் வச்சே?"

"வைக்காதேன்னு நீயா வாயத் தொறந்து சொல்லுவேன்னு பாத்தேன். திருட்டுத்தனமா அலசத் தெரியுது, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல மனசு வரல. நீ போயிட்டா நான் ஒண்டியா கெடக்கணும். நான் சொல்லிட்டேன். இப்ப நீ சொல்லு. வைக்கவா, வேணாமா?"

"வேணா..." என்று எழுதினேன், அடித்தேன். "வைம்மா" என்று எழுதினேன், அதையும் அடித்தேன். வானதி வாயைத் திறப்பதாக இல்லை. கமலாம்பாள் முழங்கால் வலிக்காரி, இன்னும் முக்காலி மேலேயே நிற்கிறாள். யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.