எழும்பிப் போக முடியாத இடம்

இத்தாலிக்குப் புறப்படுவதற்கு முதல்நாள் மாமி, என் புருஷனின் தாய், என் சூட்கேசைத் திறந்து, நான் மடித்து வைத்திருந்த நல்ல சட்டைகள் இரண்டை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் மிளகாய்த்தூள் பைகளை அடுக்கினார். வறுத்து இடித்த தூள். எத்தனை பிளாஸ்டிக் பை சுற்றிக் கட்டியும் அறை முழுக்க மணத்தது. "அருமைநாதனுக்கு. பாவம், அங்கை உது கிடைக்காதாம்," என்றார். அருமைநாதன் மாமியுடைய தங்கையின் மகன். அவன் இத்தாலியில் எங்கோ இருக்கிறான் என்று தெரியும். நாங்கள் போகிற அதே வெரோனாவில்தான் இருக்கிறான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. திரும்பி என் புருஷனைப் பார்த்தேன். ஞானேந்திரன் கட்டில் விளிம்பில் இருந்துகொண்டு காலுறைகளைச் சோடி சேர்த்துக்கொண்டிருந்தார்.

"மாமிக்கு ஏன் சொன்னனீங்கள்?" என்று மாமி வெளியே போனதும் கேட்டேன்.

"சொல்லாமல் எப்பிடிப் போறது, ராணி?"

அதுதான் என் புருஷன். சொல்லவேண்டாததை ஊருக்கெல்லாம் சொல்லுவார். சொல்லவேண்டியதை எனக்குச் சொல்லமாட்டார்.

மே மாதம் எனக்குப் பிள்ளை வயிற்றுக்குள்ளேயே இறந்து பிறந்தது. பெண்பிள்ளை. அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. "அவளுக்குக் காட்டாதேங்கோ, கண்டால் மறக்கமாட்டாள்" என்று மாமி சொல்ல, பிள்ளையைத் தாயிடம் கொடுக்கவா என்று தாதி கேட்டதற்கு என் புருஷன் பிரெஞ்சில் "நோன், மெர்சி", வேண்டாம் நன்றி, என்று பதில் சொன்னாராம். கடையில் பை வேண்டுமா என்று கேட்டதற்குச் சொல்வது போல. நான் மருந்து மயக்கத்தில் கிடந்தேன். அவரும் அவருடைய அண்ணன் ஆனந்தராசாவும் பிள்ளையைக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்து தலைக்குத் தோய்ந்தார்கள். சின்னப் பிள்ளைகளை எரிப்பதில்லை, புதைப்பதுதான். சுடலைக்குப் பொம்பிளைகள் போவதில்லை. வைத்த இடத்தைத் தாய்க்குச் சொல்லவும் கூடாதாம். சொன்னால் அவள் அங்கேயே போய் நிற்பாளாம், அடுத்தது தங்காதாம். இதெல்லாம் யார் வைத்த சட்டம் என்று தெரியவில்லை. ஆனால் கனடாவில், மொன்ட்ரியால்-நோர் பகுதியில் எங்கள் கட்டடத்தில் இருந்த எல்லாத் தமிழருக்கும் அது தெரிந்திருந்தது.

எங்கே வைத்தீர்கள் என்று நான் கேட்கும்போதெல்லாம் அவர் எழும்பிப் போய்விடுவார். ஒருநாள் சோற்றுக் கையோடு எழும்பிப் போனார். இன்னொருநாள் தெப்பானரில், மூலைக்கடையில், பால் வாங்கவேண்டும் என்று போனார். குளிர்பெட்டியில் பால் இருந்தது. மொன்ட்ரியால் நகரம் எவ்வளவு பெரியது. பஸ்ஸில் போகும்போது எந்தக் கல்லறைத் தோட்டத்தைக் கண்டாலும் இதுவாக இருக்குமோ, இதுவாக இருக்குமோ என்று கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்துக்கொண்டு போவேன்.

இத்தாலிக்குப் போகிற யோசனை அவருடைய முதலாளியுடையது. டவுன்டவுனில் என் புருஷன் சமைக்கிற சாப்பாட்டுக்கடைக்காரர் வெரோனாக்காரர். மனைவியைக் கூட்டிக்கொண்டு போ, இரண்டு பேர் மட்டும் போங்கள், காதலர்களின் ஊர் அது, பக்கத்தில் பெரிய ஏரி, கரையில் சின்ன ஊர்கள், அழுதவர்கள்கூட அங்கே சிரிப்பார்கள் என்றாராம். ஆற்றைப் பார்த்த சன்னல் உள்ள ஹோட்டல் ஒன்றையும் தானே சொல்லி ஒழுங்குபண்ணிக் கொடுத்தார். இரண்டு பேர் மட்டும் என்ற சொல்லைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். கலியாணம் முடித்த நாளிலிருந்து நாங்கள் தனியே இருந்ததேயில்லை. மாமி, அண்ணன் குடும்பம், ஊரிலிருந்து வந்து இறங்குகிறவர்கள் என்று வீடு எப்போதும் நிறைந்திருக்கும். இந்தப் பயணத்தில் அவர் வாய் திறக்கவேண்டும். திறக்காவிட்டால் ரொறன்ரோவுக்கு அக்காவிடம் போய்விடுவது என்று முடிவெடுத்திருந்தேன். அக்கா எனக்கென்று அறையைக்கூட ஒதுக்கி வைத்துவிட்டாள்.

வெரோனா ஸ்டேஷனில் இறங்கியபோதே அருமைநாதன் நின்றான். பக்கத்தில் மனைவி கௌரி, அவர்களோடு ஒரே வீட்டில் இருக்கிற பெடியங்கள் இரண்டு பேர். எல்லாரும் கலியாண வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி உடுத்தியிருந்தார்கள்.

"ஹோட்டலோ?" என்றான் அருமைநாதன். சிரித்துக்கொண்டுதான் சொன்னான், ஆனால் முகம் சுருங்கிவிட்டது. "நாங்கள் என்ன செத்தே போனம், அண்ணை? பெரியம்மா கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

என் புருஷன் என்னைப் பார்த்தார். இந்த ஒரு தடவையாவது இல்லை என்று சொல்லுங்கள் என்று மனதுக்குள் கெஞ்சினேன். அவர் சூட்கேசைக் கொடுத்துவிட்டார்.

அவர்களில் எனக்குக் கோபமில்லை, அதையும் சொல்லவேண்டும். அருமைநாதன் லீவு எடுத்திருந்தான். கௌரி ஆட்டிறைச்சிக் கறியும் இடியப்பமும் செய்து வைத்திருந்தாள். மிளகாய்த்தூள் பையைப் பிரித்து மூக்கில் பிடித்தபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டிலோ அறை இரண்டுதான். ஆம்பிளைகள் ஹோலில், பொம்பிளைகள் அறையில் என்று தானாகவே பிரிந்தது. காதலர்களின் ஊரில் நான் கௌரிக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தேன்.

அடுத்தநாள் எல்லாருமாக ஊர் பார்க்கப் போனோம். ரோமர் காலத்து அரங்கு நடு ஊரில், பஸ் போகிற வழியில் கிடக்கிறது. மங்கிய ரோசா நிறக் கல். "நெடுக இதாலைதான் வேலைக்குப் போறனான், மச்சாள். உள்ளுக்கை போனதில்லை," என்றான் அருமைநாதன். அன்றைக்கும் போகவில்லை. வெளியே நின்று படம் எடுத்தோம். "கிட்ட நில்லுங்கோ, அண்ணை, சண்டை பிடிச்ச ஆக்கள் மாதிரி நிக்கிறியள்," என்றான். ஆற்றோரமாக நடந்தபோது ஹோட்டலின் பெயர்ப்பலகையைக் கண்டேன். பச்சைக் கதவு போட்ட சன்னல்கள். மேல்மாடியில் ஒரு பெண் வெள்ளைப் படுக்கைவிரிப்பை உதறிக்கொண்டிருந்தாள். எங்களுக்கென்று விரித்ததாக இருக்குமோ என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கௌரி கண்டுவிட்டு, "அப்பிடித்தான் அக்கா, இந்த ஊர்க் காத்துக்குக் கண் எரியும்," என்று கண் துடைக்கத் தன் லேஞ்சியைத் தந்தாள்.

கடைசிநாள் ஏரிக்குப் போனோம். யாரிடமோ இரவல் வாங்கிய வான் வண்டியில், புட்டுப் பானையும் சம்பலும் முட்டைப் பொரியலுமாக. கார்டா ஏரி கடல் மாதிரிக் கிடந்தது, அலைதான் இல்லை. ஒக்ரோபர் முடிகிற நேரம். மலை பாதிக்கு மேல் முகிலுக்குள் இருந்தது. கரையில் பழைய கோட்டை, அதைச் சுற்றிக் கல் பதித்த ஒழுங்கைகள், பூட்டிய கடைகள். உல்லாசப் பயணிகள் போய் முடிந்த ஊர். படகுக்காரக் கிழவன் ஒருவன் மட்டும் துறையில் சிகரெட்டோடு இருந்தான். காலால் மிதிக்கிற படகுகள், இரண்டு பேர் மட்டும் இருக்கிற மாதிரி. அருமைநாதன் அவனோடு இத்தாலியனில் கதைத்துவிட்டு வந்து, "புதுப் பொம்பிளை மாப்பிளை ஏறுங்கோ," என்றான். பெடியங்கள் கைதட்டினார்கள். என் புருஷனுக்கு வெட்கம். நான் முதல் ஆளாக ஏறிவிட்டேன்.

கரையிலிருந்தவர்களின் முகம் தெரியாத தூரம் வரைக்கும் மிதித்தோம். அதன்பிறகு நான் மிதியிலிருந்து காலை எடுத்தேன்.

"இப்ப சொல்லுங்கோ. பிள்ளையை எங்கை வைச்சனீங்கள்?"

அவர் எழும்பப் பார்த்தார். உண்மையாகவே பார்த்தார். இருக்கையில் கையை ஊன்றி அரைவாசி எழும்ப, படகு ஒரு பக்கம் சரிந்தது. திரும்ப இருந்துவிட்டார். கரையைப் பார்த்து வேகமாக மிதிக்கத் தொடங்கினார். நடுவில் இருந்த சுக்கான் பிடியை நான் வளைத்துப் பிடித்துக்கொண்டேன். அவர் மிதிக்க மிதிக்கப் படகு அதே இடத்தில் சுற்றியது. கொஞ்ச நேரத்தில் களைத்துப்போய் நிறுத்தினார்.

"எனக்குத் தெரியாது, ராணி."

"பொய் சொல்லாதேங்கோ."

"நான் இறங்கேல்லை. காருக்குள்ளையே இருந்திட்டன்." தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பெட்டி என்ரை மடியிலைதான் இருந்தது. ஆஸ்பத்திரியிலை இருந்து மடியிலைதான் வைச்சுக்கொண்டு போனனான். அண்ணை கதவைத் திறந்து, வாடா எண்டார். கால் எழும்பேல்லை. அவர் வாங்கிக்கொண்டு போனார். நான் கண்ணை மூடிக்கொண்டு இருந்தன். எந்தப் பக்கம் போனவர் எண்டுகூட எனக்குத் தெரியாது. முதல் பிடி மண் தேப்பன் போடவேணும். அதையும் அண்ணைதான் போட்டவர். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ எண்டு அவற்றை கையைப் பிடிச்சுக் கேட்டனான்."

எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. எரிச்சல். மடியில் இருந்திருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து அவ்வளவு தூரமும் இவருடைய மடியில் இருந்திருக்கிறது. வயிற்றில் சுமந்தவளுக்கு அது கிடைக்கவில்லை, கிடைத்தவர் கண்ணை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார். கன்னத்தைப் பொத்தி ஒன்று போடலாமா என்று வந்தது. அவருடைய கைகளைப் பார்த்தேன். இரண்டு கையையும் விரித்து மடியில் வைத்திருந்தார்.

"பாரமா இருந்ததோ?" என்று கேட்டேன். எனக்கே தெரியாமல்தான் கேட்டேன்.

"இல்லை," என்றார். பிறகு, "ஒண்டுமே இருக்கேல்லை, ராணி," என்று சொல்லிவிட்டு அழத் தொடங்கினார். ஆறு வருடக் கலியாணத்தில் அவர் அழுது நான் கண்டதில்லை. அழத் தெரியாதவர் அழுவது பார்க்கச் சகிக்காது. கரையிலிருந்து அருமைநாதன் கமெராவைத் தூக்கிக் காட்டி எங்களைத் திரும்பச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தான். அவனுக்காக நான் கையை அசைத்தேன்.

விமானத்தில் அவர் சாப்பிடவில்லை. நித்திரை என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, "ரொறன்ரோவுக்குப் போறீரோ?" என்றார். திரும்பி அவரைப் பார்த்தேன். "உம்மடை அக்கா எனக்கு ரெலிபோன் எடுத்துச் சொன்னவ," என்றார்.

"முதலிலை பிள்ளையைப் போய்ப் பாப்பம்," என்றேன்.

மிரபெல் விமான நிலையத்தில் ஆனந்தராசா அண்ணை காரோடு நின்றார். நாங்கள் இல்லாத நாட்களில் அந்த வருடத்தின் முதல் பனி கொட்டியிருந்தது. நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் வெள்ளை. அருமைநாதன் எப்படி இருக்கிறான், இறைச்சி என்ன விலை என்று அவர் கேட்டுக்கொண்டு வந்தார். நகரம் கிட்டும் வரைக்கும் பொறுத்துக்கொண்டிருந்தேன்.

"ராசா அண்ணை, பிள்ளையிட்டைப் போயிட்டு வீட்டை போவம்."

"பொம்பிளையள் அங்கை…" என்று தொடங்கினார்.

"போறேல்லை. தெரியும். விடுங்கோ காரை."

"அம்மா சோறு வைச்சுக்கொண்டு பாத்துக்கொண்டிருப்பா, தங்கச்சி."

"அங்கை விடுங்கோ, அண்ணை," என்றார் என் புருஷன். முன்னால் அண்ணனுக்குப் பக்கத்தில் இருந்தவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிடரி மட்டும் சிவந்திருந்தது.

கல்லறைத் தோட்டம் எங்கள் வீட்டிலிருந்து அப்படியொன்றும் தூரமில்லை. தையல் வேலைக்குப் போகிற பஸ்ஸில் நான் தினமும் கடந்துபோகிற மதில்தான். பதிவேடு வைத்திருக்கிற கந்தோர் பூட்டியிருந்தது, வாசல் திறந்திருந்தது. இந்தத் தடவை என் புருஷன் எங்களுக்கு முதல் இறங்கினார். பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய துண்டு மதிலோரமாக இருந்தது. சிலதுக்குக் கல் இருந்தது, பலதுக்கு இல்லை. எங்களுடையதுக்கு இல்லை. ஆனந்தராசா அண்ணை பனிக்குள் நடந்து ஒரு மரத்தடியில் நின்றார். "இதிலைதான்," என்றார். சுற்றுமுற்றும் பார்த்தார். "இல்லை, அங்காலை. அப்ப இலை இருந்தது, தங்கச்சி. புல்லு இருந்தது. இப்ப எல்லாம் ஒரேமாதிரிக் கிடக்கு." அவருடைய குரல் தளர்ந்துபோயிருந்தது. இந்தப் பாரத்தை இவ்வளவு நாளும் தம்பிக்காகத் தனியே சுமந்தவர் அவர். அவரோடு கோபிக்க எனக்கு வாய் வரவில்லை.

புதைத்த மண் தாழ்ந்திருக்கும், புல் வேறு மாதிரி முளைத்திருக்கும் என்று சொல்லிக்கொண்டு அவர் சப்பாத்துக் காலால் பனியை விலக்கத் தொடங்கினார். என் புருஷன் முழங்காலில் இருந்துகொண்டு வெறும் கையால் விலக்கினார். ஓரிடத்தில் புல் தெரியும்வரை சுரண்டுவார், கையை வைத்துப் பார்ப்பார், பிறகு அடுத்த இடத்துக்கு முழங்காலாலேயே நகருவார். விரல்கள் சிவந்து வீங்கிவிட்டன. நான் இத்தாலிக்கென்று வாங்கிய மெல்லிய சப்பாத்தோடு அவருக்கு எதிரே குந்தி, அவர் தொடாத பக்கத்திலிருந்து தொடங்கினேன். இருட்டிக்கொண்டு வந்தது. மறுபடியும் பனி கொட்டத் தொடங்கி, நாங்கள் முதலில் விலக்கிய இடங்கள் ஒவ்வொன்றாக வெள்ளையாகிக்கொண்டிருந்தன.