தோற்றவர் இழுக்க வேண்டிய களம்

“நம்ம மெரெட்டுக்குத் தினம் விடியக்காலையில எதிர்ல நின்னு ஆடறது யாரு தெரியுமா? ஹின்னெர்க்! ஆளு செத்துப் பத்தொம்பது வருஷமாச்சு, இன்னும் ஒரு பந்தைக்கூட விட்டதில்ல!”

எங்கள் கடலோர ஊர் டென்னிஸ் கிளப்பின் பியர்க் குழாய்க்குப் பின்னால் நின்று ஃபோக்கோ இப்படி அறிவித்ததும் கூடமே குலுங்கிச் சிரித்தது. சிரிக்காதவர்கள் இரண்டே பேர். ஒருத்தி மெரெட்டின் தாய் ஆன்ட்யே, துறைமுகத்தில் மீன்ரொட்டிக் கடை வைத்திருப்பவள். இன்னொருத்தி கெசீனா. ஊரே அவளை அம்பயரம்மா என்றுதான் கூப்பிடும். செம்மண்ணில் பந்து விழுந்தால் தடம் இருக்கும். தடத்தைப் பார்த்தால்தான் கெசீனா வாயைத் திறப்பாள். அவள் கல்யாணத்தில் பாதிரியார் “சம்மதமா?” என்று கேட்டபோதுகூட, மாப்பிள்ளையை ஒரு சுற்றுச் சுற்றிவந்து குனிந்து பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினாளாம்.

“உன் பீப்பாய்ல இருந்து நீயே குடிச்சிட்டியா, ஃபோக்கோ?” என்றாள் கெசீனா. “தடம் எங்க?”

“தினம் காலையில மூணாம் களத்துல கிடக்கு. வந்து பாக்கறதுதானே?”

“நரி ஓடியிருக்கும்.”

“டென்னிஸ் ஷூ மாட்டின நரியா?”

மறுபடியும் சிரிப்பு. ஆன்ட்யே மேசையைத் தட்டினாள்.

“சிரிச்சது போதும். எம்பொண்ணே எங்கிட்ட சொல்லிட்டா. ‘அந்தப் பாயிண்ட்டை முடிக்காம என்னால ஹனோவர் போக முடியாதும்மா, ஹின்னெர்க் காத்துக்கிட்டிருக்கார்’ங்கறா.”

சிரிப்பு பட்டென்று அடங்கியது.

மெரெட்டுக்குப் பதினாறு வயது. வசந்தத்தில் கிளப்பின் ஆண்கள் அத்தனை பேரையும் வரிசையாக வீழ்த்தினாள். தோற்ற பல் வைத்தியர் மட்டையைக் கால்வாயில் வீசிவிட்டு மீன்பிடிக்கப் போனார். முதலில் தூண்டிலில் சிக்கியது அந்த மட்டைதான். கோடையில் வட மாநிலங்கள் முழுக்க ஜெயித்தாள். ஆகஸ்டில் நாட்டின் இளையோர் கோப்பை. அவள் பந்தடிக்கும்போது கடலணை மேல் மேயும் ஆடுகள்கூட வலமும் இடமுமாகத் தலையைத் திருப்பிப் பார்க்கும். இடதுகைக்காரர்களின் பந்தை எங்கிருந்து இவ்வளவு துல்லியமாகப் படிக்கிறாள் என்று ஹனோவரிலிருந்து வந்த பயிற்சியாளர் வியந்து போனார். எங்கள் ஊரில் இடதுகைக்காரர் ஒருவர்கூட இல்லை. ஹனோவர் பயிற்சி மையத்தில் அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை போய்ச் சேராவிட்டால் அது வேறொரு பெண்ணுக்குப் போய்விடும்.

“செத்தவன்கூட ஆடறேங்கற பிள்ளைய எப்படித் தனியா அனுப்புவேன்?” என்றாள் ஆன்ட்யே. “கெசீனா, நீ பாக்காம எதையும் சொல்லமாட்டே. நாளைக்குக் காலையில போய்ப் பாரு. அங்க ஒண்ணுமே இல்லேன்னா கோளாறு அவ தலைக்குள்ளதான். ஹனோவர் வேணாம், டாக்டர்கிட்டயே கூட்டிட்டுப் போறேன்.”

கெசீனா மறுக்கவில்லை. ஹின்னெர்க்கின் கடைசி ஆட்டத்துக்கு நடுவராக நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். கிளப் இறுதிப்போட்டி, மூன்றாம் களம், அவரும் எதிராளியும் சமநிலை. கடலிலிருந்து மூடுபனி ஏறிவர, அடுத்த பாயிண்ட் எடுப்பவருக்கே கோப்பை என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். அந்தப் பாயிண்ட்டில் கோட்டருகே விழுந்த பந்தின் தடத்தைத் தேடிக் கெசீனா இறங்கிப் போனாள். பனியில் தன் காலடியே அவளுக்குத் தெரியவில்லை. “நாளைக்கு அந்தப் பாயிண்ட்டைத் திரும்ப ஆடலாம்” என்றாள். “அம்பயர் சொன்னா சரி” என்று சிரித்துக்கொண்டே ஹின்னெர்க் காரில் ஏறினார். அணைச் சாலையின் வளைவு அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. காரைக் கால்வாயிலிருந்துதான் எடுத்தார்கள். எங்கள் கிளப்பில் தோற்றவர்தான் இழுவலையைப் பிடித்து இழுத்துக் களத்தைச் சமன் செய்ய வேண்டும். அன்று யாரும் தோற்கவில்லை. களத்தை யாரும் இழுக்கவுமில்லை.

ஆன்ட்யே கேட்டு முடித்ததும் கெசீனா எழுந்துபோய் மூன்றாம் களத்தைத் தன் கையாலேயே இழுத்துச் சமன்செய்து, கதவைப் பூட்டிச் சாவியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

விடியற்காலையில் பனி வேலிவரை வந்து நின்றது. பூட்டைத் திறந்தபோது களம் ஒரு கீறல்கூட இல்லாமல் கிடந்தது.

“மொயின், அம்பயரம்மா” என்று வணக்கம் சொன்னாள் கதவருகே காத்திருந்த மெரெட். அவள் முகம் வெளுத்திருந்தது. “தினம் அவர்தான் ஜெயிக்கிறார். ஆனா சொல்றதுக்கு அம்பயர் இல்லியே, அதனால மறுநாள் திரும்பவும் முதல்லேருந்து. நீங்க நாற்காலியில ஏறுங்க, போதும்.”

“ஏறறேன். குளிர்ல நடுங்கிட்டு ரெண்டு பேரும் வீட்டுக்குப் போவோம்.”

மெரெட் தன் பக்கக் கோட்டருகே குனிந்து நின்றாள். வலைக்கு அந்தப் பக்கம் வெறும் வெள்ளை. எங்கோ ஒரு கப்பல் ஊதியது. அணை மேல் ஓர் ஆடு இருமியது.

பிறகு, டொக்.

வெள்ளைக்குள்ளிருந்து ஒரு பந்து சீறிக்கொண்டு வந்தது. மெரெட் திருப்பி அடித்தாள். அது பனிக்குள் மறைந்தது. டொக்கென்ற சத்தத்தோடு மறுபடி வந்தது. ஃபோக்கோ ஒளிந்திருந்து குறும்பு செய்கிறான் என்று நினைத்தாள் கெசீனா. ஆனால் ஃபோக்கோவுக்குப் பியர்க் கோப்பையையே நேராக வைக்கத் தெரியாது. வந்த பந்துகளோ இடதுகைக்காரர் பந்துகள். விழுந்த இடத்திலிருந்து பாம்பு மாதிரி வெளிப்பக்கம் வளைந்தன. ஹின்னெர்க்கின் அந்த இடதுகை வளைவைக் கெசீனா பத்தொன்பது வருஷமாகப் பார்த்ததில்லை. நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள். ஒவ்வொரு பந்தோடும் கால்வாய்ச் சேற்றின் வாடை வீசியது.

மெரெட் வழுக்கிக்கொண்டே எட்டி, குறுக்காக ஒரு பந்தை அடித்தாள். அது பனிக்குள் போயிற்று. திரும்பி வரவில்லை.

“இறங்கிப் பாருங்க” என்றாள் மூச்சு வாங்க. “ரெண்டு பேரும் காத்துக்கிட்டிருக்கோம்.”

கெசீனா இறங்கினாள். வலையைத் தாண்டியதும் குளிர் மாறியது. இது காற்றின் குளிர் இல்லை, தண்ணீரின் குளிர். செம்மண்ணில் காலடிகள் கிடந்தன. சர்வீஸ் போடும்போது இடதுகால் கட்டைவிரலை மண்ணில் இழுப்பது ஹின்னெர்க்கின் வழக்கம். அந்தக் கோடும் இருந்தது. ஒவ்வொரு காலடியிலும் தண்ணீர் நிரம்பியிருந்தது. வந்த தடமும் இல்லை, போன தடமும் இல்லை. கடைசி இரண்டு காலடிகள் மூலையில் அவளைப் பார்த்தபடி நின்றன. அவற்றின் முன்னால், வெள்ளைக் கோட்டைப் பாதி தின்றபடி பந்தின் தடம்.

மிக அருகில் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்கள்.

இத்தனை வருஷங்களில் கெசீனாவின் குரல் நடுங்கியது அன்றுதான். “உள்ளே” என்றாள். “ஆட்டம், மெரெட்.”

பிறகு வேலிக் கொக்கியில் தொங்கிய இழுவலை தானாக இறங்கியது. கொக்கியிலிருந்து அதை எடுக்கவே இரண்டு கையும் வேண்டும். அது மண்ணில் பரவி, வெளிக்கோட்டிலிருந்து உள்ளே சுற்றிச் சுற்றி, அவசரமே இல்லாமல் நகர்ந்தது. காலடிகள் ஒவ்வொன்றாக அழிந்தன. தன் காலருகே அது வந்தபோது கெசீனா ஒதுங்கி வழிவிட்டாள். கடைசியாகப் பந்தின் தடமும் போயிற்று. இழுவலை மறுபடி கொக்கியில் ஏறித் தொங்கி, நீர் சொட்டியது.

களத்தின் நடுவலைக்கு மேலே வெறும் காற்றைப் பிடித்துக் கைகுலுக்கிக்கொண்டிருந்தாள் மெரெட். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பனியில் தெரியவில்லை.

இன்று அவள் பெரிய அரங்குகளில் ஆடுகிறாள். ஜெயித்ததும் கூட்டம் எழுந்து நிற்கும். அவளோ எதிர்ப்பக்கக் கோட்டைத்தான் ஒரு கணம் பார்ப்பாள். தொலைக்காட்சிக்காரர்களுக்குக் காரணம் தெரியாது.

அந்தக் காலை ஆட்டம் முடிந்ததும் கிளப்பில் ஆன்ட்யே தேநீர் ஊற்றினாள். எங்கள் ஊர் வழக்கப்படி கோப்பையில் போட்ட கற்கண்டு சூட்டில் விரிசல்விடும் சத்தம் கேட்டது. ஃபோக்கோ வாயைத் திறக்கவே இல்லை. எங்கள் ஊர் வரலாற்றிலேயே அது பெரிய அதிசயம்.

“தடம் இருந்துச்சா?” என்றாள் ஆன்ட்யே.

“இப்ப இல்ல.”

ஆன்ட்யேவின் முகம் விழுந்தது. “அப்போ டாக்டர்தான்.”

“இரு.” கெசீனா கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “தோத்தவன் களத்தை இழுத்துட்டுப் போயிட்டான். தடம் எப்படி இருக்கும்?”

“தோத்தவன்னா யாரு?”

“ஹின்னெர்க்.” கெசீனா ஃபோக்கோ இருக்கும் பக்கமே திரும்பவில்லை. “காட்டறதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்ல, ஆன்ட்யே. ஆனா நடந்தது. நான் பார்த்தேன். போய் உம்பொண்ணோட பெட்டியக் கட்டு.”