இங்கிலீஷில் மட்டும்

சட்டம் போட்டது நான்தான். அதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். பிறகு நான் என் வீட்டுக்காரரைத் திட்டும்போது யாரும் என்னைத் திருப்பிக் கேட்கக் கூடாது.

அவர் வெளிநாட்டில் ஒரு பெரிய கிடங்கில் சரக்குத் தூக்கும் போர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறார். கல்யாணமான எட்டாவது மாதம் போனவர். மூன்று வருஷம் ஆகிறது. நான் அங்கே போய்ச் சேர வேண்டுமானால் ஒரு இங்கிலீஷ் பரீட்சையில் தேற வேண்டும். பெரிய இங்கிலீஷ் ஒன்றும் இல்லை. கடையில் விலை கேட்பது, டாக்டரிடம் எங்கே வலிக்கிறது என்று சொல்வது, பக்கத்து வீட்டுக்காரரிடம் இன்று வெயில் அதிகம் என்பது, அவ்வளவுதான். எதிரே ஒருவர் உட்கார்ந்து பத்து நிமிஷம் பேச்சுக் கொடுப்பார். நாம் பதில் சொல்ல வேண்டும்.

முதல் தடவை நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இரண்டாம் தடவை பத்துப் பதில்களைக் கிளிப்பிள்ளை மாதிரி மனப்பாடம் செய்துகொண்டு போனேன். பரீட்சை வைத்த அம்மா, பஸ் ஸ்டாப்புக்கு எப்படிப் போவது என்று கேட்டார். நான் என் குடும்பத்தில் மொத்தம் எத்தனை பேர் என்று கடகடவென ஒப்பித்துவிட்டு எழுந்து வந்தேன். என்னை அங்கே அழைத்துக்கொள்ள என் வீட்டுக்காரருடைய கம்பெனி கொடுத்த காகிதம் இந்த வருஷக் கடைசி வரைதான் செல்லும். மூன்றாவது தடவையும் கோட்டைவிட்டால் எல்லாம் முதலிலிருந்து, இன்னும் எத்தனை வருஷமோ.

அந்த எரிச்சலில் போட்டதுதான் சட்டம்.

"இனிமே போன்ல இங்கிலீஷ் மட்டும்தான். யார் வாயில தமிழ் வந்தாலும் உடனே போனை வெச்சிடணும். நான் சொல்ற வாக்கியம் எப்படின்னு நீங்க மார்க் போடணும்."

"சண்டை வந்தா?" என்று கேட்டார்.

"அதையும் இங்கிலீஷ்லயே போடுவோம்."

வாய்க்கொழுப்பு, வேறென்ன.

வீடு முழுக்கச் சீட்டு ஒட்டினேன். கதவில் டோர், ஜன்னலில் விண்டோ, வாளியில் பக்கெட். என்னோடு இருக்கும் நாத்தனார், "என் நெத்தியிலயும் ஒண்ணு ஒட்டிடுங்க அண்ணி, யாருன்னு மறந்துடப் போறீங்க" என்றாள். ஒட்டினேன். அவள் அதோடேயே துணி துவைத்து, மாடியில் காயப்போட்டு, எதிர்வீட்டு அம்மாவிடம் பேசிவிட்டும் வந்தாள்.

எனக்கு ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை. மதியம் ஒரு மணிக்குப் பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து போன் போடுவேன். அவருக்கு அங்கே காலை, வேலைக்குக் கிளம்பும் நேரம்.

"குட் மார்னிங். ஹவ் ஆர் யூ?"

"ஐ யாம் ஃபைன். ஹவ் இஸ் தி வெதர்?"

"வெரி கோல்ட். டிட் யூ ஈட்?"

"யெஸ், ஐ ஏட்."

"வெரி குட்."

முன்பு இதே படிக்கட்டில் சாப்பாட்டு நேரம் முழுக்கப் பேசுவோம். அவருடைய மேனேஜர் திட்டுவதற்கு முன் மூக்கை எப்படி உறிஞ்சுவார் என்று செய்து காட்டுவார். அறையில் கூட இருப்பவன் குறட்டையைப் பற்றி ஒரு வாரம் பேசியிருக்கிறோம். இப்போது நாலு நிமிஷத்தில் வெதர் தீர்ந்துவிடும். மீதி நேரம் ஒருவர் மூச்சு விடுவதை ஒருவர் கேட்டுக்கொண்டிருப்போம். என் இங்கிலீஷ் நன்றாகத்தான் வளர்ந்தது. ஆனால் அந்த மனிதர் எங்கே போனார் என்று தெரியவில்லை. தினமும் அவரோடு பேசிக்கொண்டே அவருக்காக ஏங்கினேன்.

பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது, விரிப்புகளைத் தேய்க்கும் பெரிய இஸ்திரி உருளையில் இடது கை பட்டுவிட்டது. நாலு விரலும் புறங்கையும் வெந்துவிட்டன. நர்ஸ் மருந்து தடவிக் கட்டுப் போட்டு வீட்டுக்குப் போகச் சொன்னார். நான் வீட்டுக்குப் போகவில்லை. ஒரு மணி ஆகட்டும் என்று படிக்கட்டில் காத்திருந்தேன்.

"டுடே ஐ பர்ன்ட் மை ஹேண்ட். இன் தி மெஷின்," என்றேன்.



"ஆர் யூ ஓகே?"

"ஐ யாம் ஃபைன்."

"குட்," என்றார். பிறகு மெதுவாக, "வெரி குட் சென்டென்ஸ்."

போனை வைத்துவிட்டேன். கை வெந்ததற்கு மார்க் போடுகிற மனுஷன். நான் போட்ட சட்டம்தான், தெரியும். அதற்காக அதை அப்படியே பிடித்துக்கொண்டு தொங்க வேண்டுமா? மூன்று நாள் நான் கூப்பிடவில்லை, அவர் கூப்பிட்டபோது எடுக்கவுமில்லை.

"தமிழ்ல கூப்பிட்டு நாலு திட்டு திட்டிடுங்க அண்ணி. பாவம், எங்கண்ணனும் எத்தனை நாள்தான் வெதர் சொல்லும்?" என்றாள் நாத்தனார்.

"திட்ட ஆரம்பிச்சா நிறுத்த முடியாது. பரீட்சை போயிடும்."

நாலாம் நாள் மறுபடி குட் மார்னிங் சொன்னேன். கையைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பரீட்சையில் அதே அம்மாதான். பஸ் ஸ்டாப், காய்கறிக் கடை, காய்ச்சல், எல்லாவற்றுக்கும் தடுமாறாமல் பதில் சொன்னேன். கடைசியாக, நீயும் உன் கணவரும் எதைப் பற்றிப் பேசிக்கொள்வீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டார். வெதர், வொர்க், ஃபுட் என்று பதில் தயாராக இருந்தது. சொல்ல வாயைத் திறந்தேன், வரவில்லை.

"வீ டாக் இங்கிலீஷ்," என்றேன். "பிஃபோர், வீ டாக்ட் எவ்ரிதிங்."

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். அடுத்த கேள்வி கேட்கவில்லை. போச்சு, இந்தத் தடவையும் ஏதோ உளறிவிட்டோம் என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

பத்தாம் நாள் முடிவு வந்தது. தேறிவிட்டேன். ஒரு மணி வரை பொறுக்க முடியவில்லை, அப்போதே கூப்பிட்டேன்.

"ஐ பாஸ்ட்," என்றேன்.

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். போகவில்லை.

"அன்னிக்கு கை ரொம்ப வெந்துடுச்சா?" என்று கேட்டார்.

இருபது நாள் கழித்து.

"அன்னிக்கே ஏன் கேக்கல?"

"கேட்டிருந்தா நீ அழுதிருப்ப. நீ அழுதா அப்புறம் நான் எங்க இங்கிலீஷ் பேசறது? பரீட்சை போயிருக்கும். நீ வராமலே போயிருப்ப. சொல்லு. ரொம்ப வெந்துடுச்சா?"

ஐ யாம் ஃபைன் என்றுதான் வாய் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டேன்.

"ஆமாங்க," என்றேன். "ரொம்ப எரிஞ்சுது."